அழிக்கப்பட்ட நிகழ்ச்சிகளும் வீட்டு ஒலிநாடாக்களும்

பிரிட்டனின் பிபிசி 1960களில் ஒளிபரப்பிய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் கணிசமான பகுதி இன்று அந்த நிறுவனத்திடமே இல்லை. 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைவுத் தொடர் இதற்குப் பேர்போன உதாரணம். முதல் ஆறு ஆண்டுகளில் வெளியான 253 அத்தியாயங்களில் நூறுக்குச் சற்றே குறைவானவற்றின் படம் எங்கும் கிடைக்கவில்லை. ஒலியின் கதை வேறு. படம் தொலைந்த ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஒலி முழுதாக இருக்கிறது. அதைக் காப்பாற்றியது எந்தக் காப்பகமும் அல்ல. ஒளிபரப்பு நேரத்தில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு அருகே டேப் ரெக்கார்டரை ஓடவிட்ட சில நேயர்கள் காப்பாற்றினார்கள். அவர்களில் பலர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர்கள்.

நிகழ்ச்சிகள் தொலைந்ததற்குத் தீயோ வெள்ளமோ காரணமில்லை. அலுவலக நடைமுறைதான் காரணம். அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956இல் அறிமுகப்படுத்திய வீடியோ நாடா இரண்டு அங்குல அகலம் கொண்டது. விலையும் மிக அதிகம். ஆனால் பதிந்ததை அழித்துவிட்டு அதே ரீலில் மறுபடி பதியலாம். நடிகர் சங்கத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் மறு ஒளிபரப்பின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தியிருந்தன. வீட்டில் நிகழ்ச்சியை விலைக்கு வாங்கிப் பார்க்கும் வழக்கம் அப்போது கிடையாது. 1969 நவம்பரில் பிபிசியின் முதல் அலைவரிசையும் வண்ணத்துக்கு மாறியபின் கறுப்பு வெள்ளை நிகழ்ச்சிகளுக்குச் சந்தையும் சுருங்கிப்போனது. வெளிநாடுகளுக்கு விற்பதற்காக நாடாவிலிருந்து 16 மி.மீ. திரைப்படச் சுருளில் பிரதி எடுத்துவைத்திருந்தார்கள். விற்பனை உரிமைக் காலம் முடிந்ததும் அந்தச் சுருள்களும் குப்பைக்குப் போயின. நாடாவை அழித்த பிரிவும் சுருளை எறிந்த பிரிவும் வெவ்வேறு. மூலத்தைப் பாதுகாப்பது மற்றவர் வேலை என்று இரண்டுமே நினைத்திருந்தன. எல்லாவற்றையும் முறையாகப் பேணும் பொறுப்புடன் பிபிசியில் திரைப்பட, வீடியோ நாடா நூலகம் அமைந்தது 1978இல்தான்.

வானொலியிலும் இதே கதைதான். பீட்டில்ஸ் இசைக்குழு 1962 மார்ச் முதல் 1965 ஜூன் வரை பிபிசி வானொலிக்காக வழங்கிய பாடல்கள், மறுபடி பாடியவற்றையும் சேர்த்தால், 275. மூல நாடாக்களில் பெரும்பாலானவை மறுபயன்பாட்டுக்குப் போய்விட்டன. 1994இல் அந்தப் பாடல்கள் இசைத்தட்டாக வெளிவந்தபோது நேயர்களின் வீட்டுப் பதிவுகளையும் நாட வேண்டியிருந்தது. அவ்வளவாகப் பெயர் பெறாத இளம் பாடகராக இருந்த பாப் டிலன் நடித்துப் பாடிய 'மேட்ஹவுஸ் ஆன் காசில் ஸ்ட்ரீட்' என்ற நாடகம் 1963 ஜனவரி 13 அன்று ஒளிபரப்பானது. அதன் பதிவை 1968இல் அழித்துவிட்டார்கள். டிலன் பாடிய பாடல்களின் ஒலி மட்டும் வீட்டு நாடாவில் தங்கியிருக்கிறது.

அழிந்த நாடாவிலிருந்து பழைய ஒலியை மீட்க முடியுமா என்ற கேள்வி இங்கே இயல்பாக எழும். முடியாது என்பதே நடைமுறைப் பதில். ரெக்கார்டரில் நாடா தொட்டுச் செல்லும் மின்காந்த முனைக்கு ஹெட் என்று பெயர். அழிக்கும் ஹெட் உயர் அதிர்வெண் காந்தப்புலத்தை நாடாமீது செலுத்தி, அதிலிருந்த காந்த ஒழுங்கைக் கலைத்துவிடுகிறது. அமெரிக்க அதிபர் நிக்சனின் அலுவலக ஒலிப்பதிவுகளில், 1972 ஜூன் 20ஆம் தேதி உரையாடல் நாடாவில் பதினெட்டரை நிமிடம் அழிந்திருக்கிறது. வாட்டர்கேட் வழக்கில் அத்தனை முக்கியத்துவம் பெற்ற அந்த இடைவெளியை மீட்க அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம் புதிய கருவிகளைச் சோதித்துப் பார்த்து, 2003இல் முயற்சியைக் கைவிட்டது. ஆகவே தொலைந்த ஒலிபரப்பை மீட்பது என்றால், அழிந்ததை எழுப்புவதல்ல. ஒலிபரப்பான அதே நேரத்தில் வேறெங்காவது பதிவான பிரதியைக் கண்டுபிடித்து, அதிலிருந்து முடிந்த அளவு உண்மையான ஒலியை வெளியே எடுப்பது. முதல் பாதிக்குத் தேடலும் அதிர்ஷ்டமும் வேண்டும். இரண்டாம் பாதி இயற்பியல்.

அந்த இயற்பியல் நாடாவிலேயே தொடங்குகிறது. காகித நாடாவில் இரும்புத் துகளைப் பூசி ஒலியைப் பதியும் முறைக்கு ஃபிரிட்ஸ் ஃப்ளாய்மர் 1928இல் ஜெர்மனியில் காப்புரிமை பெற்றார். ஏஇஜி நிறுவனம் 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் 'மேக்னட்டோஃபோன்' என்ற கருவியைக் காட்டியது. இன்றைய நாடாவின் அமைப்பும் அடிப்படையில் அதுவேதான்: பிளாஸ்டிக் பட்டை, அதன்மீது இரும்பு ஆக்சைடுத் துகள்கள், துகள்களைப் பட்டையோடு பிடித்துவைக்கும் பசை. ஒலிக்கேற்ப மாறும் மின்னோட்டம் பதிவு ஹெட்டில் காந்தப்புலமாகிறது. கடந்துபோகும் துகள்கள் அந்தப் புலத்தை நிலைக்காந்தமாக ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் இரும்பு ஆக்சைடு சிறிய புலத்துக்குச் சரியாக மசியாது. அதனால் ஆரம்பகால நாடாவில் ஒலி கரகரத்தது. 1940இல் பெர்லினில் பிரவுன்மூல், வேபர் என்ற இரு பொறியாளர்கள் இதற்கு வழி கண்டார்கள். காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் மின்னோட்டத்தை ஒலியோடு சேர்த்து அனுப்பினால் பதிவு தெளிவாகிவிடுகிறது. பயாஸ் என்று பெயர் பெற்ற இந்த மின்னோட்டத்தின் சுவடும் நாடாவில் மிக மெல்லியதாகத் தங்கிவிடும். அன்று யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அதன் பயன் பின்னால் வரும்.

1950களின் இறுதியில் கால் அங்குல நாடா ஓடும் ரெக்கார்டர்கள் பிரிட்டனின் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டும் விலைக்கு வந்தன. நாடாவின் விலை மட்டும் இறங்கவில்லை. எனவே வானொலி நிலையங்கள் நொடிக்கு 38 அல்லது 19 செ.மீ. வேகத்தில் பதிந்தபோது, வீடுகளில் 9.5 அல்லது 4.75 செ.மீ. வேகத்தில் சிக்கனமாகப் பதிந்தார்கள். வேகம் பாதியானால் அலையும் நாடாவில் பாதி நீளத்துக்குச் சுருங்கும். நொடிக்கு 9.5 செ.மீ. வேகத்தில் 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை நாடாவில் பிடிக்கும் இடம் 9.5 மைக்ரான், தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்கு. வீட்டு நாடாவின் குறைகள் பலவும் இந்த நுண்மையிலிருந்தே தொடங்குகின்றன.

பெரும்பாலானோர் மைக்கை ஒலிபெருக்கிக்கு முன்னால் வைத்துப் பதிந்தார்கள். அந்த நாடாக்களில் கதாநாயகன் பேசும்போதே கதவு சாத்தும் சத்தமும் அம்மாவின் குரலும் கேட்கும். தொலைக்காட்சிப் பெட்டியின் உட்சுற்றில் கம்பி இணைத்து நேரடியாகப் பதிந்தவர்களும் உண்டு. அக்காலத்துப் பிரிட்டிஷ் பெட்டிகள் பலவற்றில் உள்ளே இருக்கும் உலோகச் சட்டமே வீட்டு மின்கம்பியோடு சேர்ந்திருந்ததால் இது உயிரோடு விளையாடும் வேலை. ஆனால் 'டாக்டர் ஹூ' ஒலிகளில் மிகத் தெளிவானவை அப்படிப் பதிந்தவைதான்.

நாற்பது ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒரு பரண் பெட்டியிலிருந்து இத்தகைய ரீல் வெளிவந்தால், முதல் வேலை அதை ஓட்டிப் பார்ப்பதல்ல. அது எதனால் ஆனது என்று பார்ப்பது. ரீலை விளக்குக்கு எதிரே பிடித்தால் சுற்றின் பக்கவாட்டில் ஒளி ஊடுருவித் தெரிகிறதா? அப்படியானால் பட்டை செல்லுலோஸ் அசிடேட். தெரியாவிட்டால் பெரும்பாலும் பாலியெஸ்டர். அசிடேட் காலப்போக்கில் வறண்டு நொறுங்கும்; சிதையத் தொடங்கினால் வினிகர் வாடை வீசும். ஆனால் அறுந்தால் துண்டாக, நேராக அறும். ஒட்டிவிட்டால் ஒலியில் இழப்பு தெரியாது. பாலியெஸ்டர் எளிதில் அறாது. இழுபட்டு நீளும், நீண்ட இடத்தில் இருந்த ஒலி போனது போனதுதான்.

1970களிலும் 80களிலும் வந்த பாலியெஸ்டர் நாடாக்களுக்கு, குறிப்பாக ஆம்பெக்ஸ் ஒலிப்பதிவுக்கூடங்களுக்கு விற்ற வகைகளுக்கு, இன்னொரு நோய் உண்டு. பசையாகப் பயன்பட்ட பாலியூரித்தேன் காற்றின் ஈரத்தை உறிஞ்சி நீராற்பகுப்புக்கு உள்ளாகிறது. மூலக்கூறுச் சங்கிலிகள் துண்டாகி மேற்பரப்பு பிசுபிசுக்கிறது. அந்த நாடாவை ஓட்டினால் ஹெட்டில் ஒட்டிக் கிறீச்சிடும், பழுப்புப் பொடியாக உரியும். உரிந்த பொடிதான் ஒலி. இதற்கான மருந்து விசித்திரமானது: சுமார் 50 முதல் 55 டிகிரி செல்சியஸ் வரையிலான சீரான வெப்பத்தில் பல மணிநேரம் நாடாவை வைத்து எடுப்பது. பிசுபிசுப்பு தற்காலிகமாக மறைந்து, சில வாரங்களுக்காவது நாடா ஓடும் நிலைக்கு வரும். அதற்குள் பிரதி எடுத்துவிட வேண்டும். அசிடேட் நாடாவை இப்படிச் சூடாக்கினால் பாழாகிவிடும் என்பதால்தான் விளக்குச் சோதனை முதலில் வருகிறது. வெப்பமும் ஈரமும் ஒருசேர இருக்கும் சென்னை, கொழும்பு போன்ற கடலோர நகரங்களில் பசைச் சிதைவோடு பூஞ்சணமும் சேர்ந்துகொள்ளும். பூஞ்சணம் படிந்த ரீலை அப்படியே ஓட்டினால் வித்துகள் கருவி முழுவதும் பரவி அடுத்த ரீலுக்கும் தொற்றும். அதை முதலில் தனியே உலர்த்தித் துடைக்க வேண்டும்.

சுற்றியே கிடந்த நாடாவில் வேறொரு வேடிக்கையும் நடக்கும். ஒரு சுற்றின் காந்தப்பதிவு அடுத்த சுற்றின்மீது மெலிதாகப் படிந்துவிடும். அமைதியான இடத்தில், வரப்போகும் வசனம் ஓரிரு நொடி முன்னதாகவே கிசுகிசுப்பாகக் கேட்பது இதனால்தான். பிரதி எடுக்குமுன் நாடாவைச் சிலமுறை முன்னும் பின்னும் சுற்றினால் இந்தப் படிவு ஓரளவு குறையும்.

அடுத்தது ஹெட்டின் கோணம். திறமையானவர்களும் இங்கே அலட்சியமாக இருந்து கெடுத்த பதிவுகள் ஏராளம். மீட்பு வேலையில் செலவில்லாமல் அதிகப் பலன் தரும் திருத்தமும் இதுதான். ஹெட்டில் காந்தப்புலம் வெளிப்படும் மெல்லிய இடுக்கு நாடாவுக்குச் சரியாகச் செங்குத்தாக இருக்க வேண்டும். பழைய வீட்டு ரெக்கார்டர்களில் அது கொஞ்சம் சாய்ந்தே இருக்கும். பதிந்த அதே கருவியில் கேட்டால் பாதகமில்லை, சாய்வுக்குச் சாய்வு சரியாகிவிடும். வேறு கருவியில் கேட்டால்தான் சிக்கல். வீட்டு நாடாவில் ஒரு தடம் ஏறத்தாழ 2.5 மி.மீ. அகலம் என்று கொள்வோம். கோணம் 0.2 டிகிரி பிசகினால் தடத்தின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் இடையே கிட்டத்தட்ட 8.7 மைக்ரான் விலகல் வரும். 10,000 ஹெர்ட்ஸ் அலையின் நீளமே 9.5 மைக்ரான்தான் என்று மேலே பார்த்தோம். தடத்தின் ஒரு பகுதி அலையின் முகட்டைப் படிக்கும்போது இன்னொரு பகுதி பள்ளத்தைப் படிக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிட, உயர்ந்த ஒலிகள் மறைந்து, போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் வசனம் மழுங்குகிறது. நாடா வீணாகிவிட்டது என்று ஒதுக்கிய பல பதிவுகளில் உண்மையில் இதுவே குறை. நல்ல பொறியாளர் தன் கருவியின் ஹெட்டை நாடாவின் சாய்வுக்கு ஏற்பத் திருகுவார். ஒரே ரீலில் பல நாள் பதிவுகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் திருகுவார்.

வேகம் அதைவிடப் பெரிய தலைவலி. மோட்டாரும் ரப்பர் உருளையும் தேய்ந்த கருவியில் பதிந்த ஒலி அலையும். பேட்டரியில் ஓடிய கருவியில் பேட்டரி இறங்க இறங்க நாடா மெதுவாக ஓடியிருக்கும். அதை இன்று சீரான வேகத்தில் ஓட்டினால், நிகழ்ச்சி முடியும் தறுவாயில் எல்லோரும் கீச்சுக்குரலில் விரைவாகப் பேசுவார்கள். சரியான வேகம் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? நாடாவில் ஏறிய வேண்டாத ஒலிகள்தான் இதற்குச் சாட்சி. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் உறுமலும் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸும் அனேகமாக எல்லா வீட்டுப் பதிவிலும் உண்டு. 100 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய உறுமல் 103இல் தெரிந்தால் நாடா மூன்று சதவீதம் வேகமாக ஓடுகிறது. இசையில் அது ஏறத்தாழ அரைச் சுரத்தில் பாதி. மின்வலையின் அதிர்வெண்ணும் குளிர்காலச் சுமையில் சற்றுத் தாழக்கூடியது என்பதால், இந்தச் சாட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. இன்னொரு சாட்சி தொலைக்காட்சிப் பெட்டியின் விசில். 1960களில் பிபிசியின் முதல் அலைவரிசை 405 கோடுகளால் படம் வரைந்தது. நொடிக்கு 25 படம். பெருக்கினால் 10,125. அந்த அதிர்வெண்ணில் பெட்டிக்குள்ளிருந்து எழுந்த மெல்லிய விசில் நல்ல பதிவுகளில் நாடாவரை வந்திருக்கும். ஓர் ஒலித்துண்டு தொலைக்காட்சியிலிருந்து பதிவானதா, அதுவும் எந்த முறை ஒளிபரப்பிலிருந்து என்பதையும் அதைக் கொண்டே சொல்லிவிடலாம். மற்றொரு முறையான 625 கோட்டு ஒளிபரப்பின் விசில் 15,625 ஹெர்ட்ஸ். தொடர் நிகழ்ச்சி என்றால் தலைப்பிசையும் உதவும். வாரந்தோறும் ஒரே பதிவிலிருந்து ஒலித்த இசையின் சுருதியும் நீளமும் தெரிந்தவை.

நாடாவின் நுண்ணிய நடுக்கங்களைத் திருத்த இவையும் போதாது. இங்கேதான் பயாஸின் சுவடு கைகொடுக்கிறது. பதிவின்போது அது மாறாத அதிர்வெண்ணில் இருந்தது. ஆகவே இன்று அகன்ற அதிர்வெண் எல்லை கொண்ட ஹெட்டால் அதைப் படித்து, எந்தக் கணத்தில் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று அளந்தால், நாடாவின் வேகம் எந்தக் கணத்தில் எவ்வளவு பிசகியது என்று தெரிந்துவிடும். அதற்கு எதிர்த்திசையில் கணினி ஒலியை நீட்டவும் சுருக்கவும் செய்கிறது. அமெரிக்கப் பாடகர் வூடி கத்ரி 1949இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூவார்க்கில் நடத்திய நிகழ்ச்சி, நாடாவுக்கும் முந்திய எஃகுக் கம்பிப் பதிவாகக் கிடைத்தது. சிக்கும் முடிச்சுமாக இருந்த அந்தக் கம்பியின் ஒலி, வேக அலைச்சலை இவ்வாறு கணித்துத் திருத்தியபின் வெளியாகி, 2008இல் வரலாற்றுப் பதிவுக்கான கிராமி விருது பெற்றது.

இரைச்சல் நீக்கம் வெளியாருக்குப் பெரிய மாயமாகத் தோன்றும் கட்டம். உண்மையில் கடைசியில், நிதானத்தோடு செய்ய வேண்டிய வேலை. 'டக்' என்ற சொடுக்கொலி விழுந்த இடத்தில் நொடியின் ஆயிரத்தில் சில பங்கை நீக்கிவிட்டு, அதன் இருபுறமும் உள்ள அலையின் போக்கிலிருந்து நடுவில் என்ன இருந்திருக்கும் என்று கணித்து நிரப்பும் முறையைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் வளர்த்தார்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் தேசிய ஒலிக் காப்பகம் ஆதரித்த அந்த ஆய்விலிருந்து 1988இல் சிடார் என்ற நிறுவனம் பிறந்தது. சீறல் ஒலியைக் குறைக்கும் மென்பொருள்களும் நிறைய. அளவு மீறினால் குரல் நீருக்கடியில் பேசுவதாகிவிடும். காது சற்றுச் சீறலைப் பொறுத்துக்கொள்ளும், ஆனால் உயிரற்ற குரலைப் பொறுத்துக்கொள்ளாது. அதனால்தான் காப்பகங்கள் திருத்தாத மூலப் பிரதியை 96,000 ஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் 24 பிட் கோப்பாக எடுத்துத் தனியே வைத்துவிட்டு, திருத்தங்களை நகலில் மட்டும் செய்கின்றன.

ஒரே நிகழ்ச்சியை இரண்டு மூன்று வீடுகளில் பதிந்திருந்தால் அது கொடை. ஒன்றில் நாய் குரைக்கும் இடத்தில் மற்றொன்று அமைதியாக இருக்கும். ஒன்றில் ரீல் மாற்றியதால் விட்டுப்போன நொடிகள் மற்றொன்றில் இருக்கும். வேகங்களை ஒன்றாக்கி, துண்டு துண்டாகத் தேர்ந்து, ஒட்டுத் தெரியாமல் இணைக்க வேண்டும். 'டாக்டர் ஹூ' ஒலிகளை ஒலிப் பொறியாளர் மார்க் ஏயர்ஸ் இப்படித்தான் பல வீட்டுப் பதிவுகளிலிருந்து தொகுத்துச் சீரமைத்தார்.

ஒலி சரியானபின் படத்தை என்ன செய்வது? ஜான் கியூரா என்ற ஒளிப்படக் கலைஞர் அக்காலத்தில் தொலைக்காட்சித் திரையையே படமெடுத்து, நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் விற்றுவந்தார். ஓர் அத்தியாயத்துக்கு அறுபது எழுபது படங்கள். அந்தப் படங்களை ஒலியோடு கோத்துப் பார்த்தார்கள். ஆஸ்திரேலியத் தணிக்கையாளர்கள் வெட்டி வைத்த துண்டுகள் அந்நாட்டு அரசு ஆவணங்களில் 1996இல் கிடைத்தன; முழு அத்தியாயம் அழிந்துவிட, வெட்டப்பட்ட காட்சி மட்டும் மிஞ்சிய வினோதம் அது. இப்போது ஒலியின்மேல் புதிதாக அசைவூட்டப் படம் வரைகிறார்கள். 1966 நவம்பர் 5 அன்று தொடங்கிய 'தி பவர் ஆஃப் த டாலெக்ஸ்' என்ற ஆறு அத்தியாயக் கதை சரியாக ஐம்பதாண்டு கழித்து அவ்வாறு வெளியானது. 'டேட்ஸ் ஆர்மி' நகைச்சுவைத் தொடரின் தொலைந்த அத்தியாயம் ஒன்றின் ஒலி 2008இல் கிடைத்து, 2016இல் அசைவூட்டமாகியது.

வீட்டு ரீலின் சிக்கல் நாடாவில். பெருநிறுவன நாடாவின் சிக்கல் பெரும்பாலும் கருவியில். அப்பல்லோ 11 பயணத்தின்போது ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையில் பொறியாளர்கள் தங்களுக்குள் பேசியதெல்லாம் ஓர் அங்குல நாடாக்களில், ஒவ்வொன்றிலும் 30 தடங்களாகப் பதிவாகியிருந்தது. நாடாக்கள் நல்ல நிலையில் இருந்தன. அவற்றைப் படிக்க உலகில் ஓடும் நிலையில் மிஞ்சியிருந்த கருவி ஒன்றே ஒன்று. அதுவும் ஒரு நேரத்தில் ஒரு தடத்தை மட்டுமே படிக்கும். அப்படியே விட்டிருந்தால் வேலை முடிய 170 ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். டல்லாஸில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹேன்சன் தலைமையிலான குழு, 30 தடங்களையும் ஒருசேரப் படிக்கும் புதிய ஹெட்டைச் செய்வித்துச் சுமார் 19,000 மணிநேர ஒலியைச் சில மாதங்களிலேயே கோப்புகளாக்கியது. ஒரே நேரத்தில் பலர் பேசும் உரையாடல்களில் யார் பேசுகிறார் என்று பிரித்தறியும் மென்பொருளும் அந்த வேலையின் துணைவிளைவாக உருவானது.

கருவிப் பற்றாக்குறை இப்போது எல்லாக் காப்பகங்களையும் நெருக்குகிறது. ரீல் கருவிகளைப் பெருமளவில் தயாரித்த நிறுவனங்கள் அதை நிறுத்திப் பல ஆண்டுகளாகின்றன. ஹெட் தேய்ந்தால் மாற்ற உதிரி கிடைப்பது அரிது, பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் ஓய்வு பெற்றுவருகிறார்கள். ஆஸ்திரேலியத் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் இந்தக் காரணத்தை வைத்தே, 2025க்குள் கோப்பாக மாறாத காந்த நாடாக்கள் பெரும்பாலும் கேட்க முடியாமல் போகும் என்று எச்சரித்திருந்தது. ஒரு மணிநேர நாடாவைப் படிக்க ஏறத்தாழ ஒரு மணிநேரம் ஆகும். ஆயிரக்கணக்கான ரீல்கள் காத்திருக்கும்போது எதை முதலில் எடுப்பது என்பதும் பொறியாளரின் வேலையாகிறது. உலகில் வேறு பிரதி இல்லாதது, பிசுபிசுக்கத் தொடங்கியது, வினிகர் வாடை அடிப்பது ஆகியவை வரிசையில் முன்னால் வருகின்றன. வீட்டுப் பதிவுகளில் பெட்டியின்மேல் எழுதியிருப்பதை நம்பி வரிசைப்படுத்த முடியாது. பாட்டு என்று எழுதிய ரீலின் பின்பகுதியில், அழிக்காமல் விட்டுப்போன வானொலி நாடகம் ஒன்று இருக்கக்கூடும். ஆகவே ரீலை இரு பக்கமும் கடைசிவரை ஓட்டுகிறார்கள். நடிகர் பீட்டர் செல்லர்ஸ் பங்கேற்ற 1955ஆம் ஆண்டு 'ஹேன்காக்ஸ் ஹாஃப் அவர்' என்ற வானொலி நகைச்சுவைத் தொடரின் அத்தியாயம் ஒன்று, தனியார் பதிவொன்றிலிருந்து 2022இல்தான் வெளிவந்தது.